சமோவாவில் ஒரு தென்னைப் பலகை: பசை விட்டது, கயிறு பிடித்தது

நவம்பரில் சுவரில் ஏற்றிய பலகை ஏப்ரல் வரை ஒரு மழைக்காலத்தை முழுசாகப் பார்த்துவிட்டது. எதுவும் கழன்று விழவில்லை. பூஞ்சையும் ஒரு மூலையோடு நின்றுவிட்டது. இனி செய்த விதத்தை எழுதலாம். ஈரக்காற்று வீசும் ஊரில் இதே மாதிரி எதையாவது செய்ய நினைப்பவர்களுக்கு உதவக்கூடும்.

வேலை இதுதான். சமோவாவின் உபோலு தீவில், ஆப்பியாவிலிருந்து மேற்கே போகும் கடற்கரைச் சாலையில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். பக்கத்து ஆரம்பப் பள்ளியில் சுவர்ப் பலகை ஒன்று கேட்டார்கள். தென்னையின் உறுப்புகளை நிஜப் பொருளாகவே பொருத்தி, கீழே சமோவன் மொழியில் பெயர் எழுத வேண்டும். பிள்ளைகள் வாசலில் தென்னை நிற்கிறது. ஆனால் கட்டுவதற்கு நைலான் கயிறு, பெருக்குவதற்கு பிளாஸ்டிக் துடைப்பம் என்று ஆன பிறகு, மரத்தின் பெயர் மட்டும் வாயில் நிற்கிறது, உறுப்புகளின் பெயர் நிற்பதில்லை என்பது ஆசிரியைகளின் கவலை. எனக்கு மரவேலை கொஞ்சம் வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், தென்னையும் கொஞ்சம் தெரியும். ஒத்துக்கொண்டேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சமோவன் சொற்களைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. அவர்கள் ரோம எழுத்தில் உயிரின் மேல் கோடு போட்டுக் காட்டும் நெடிலுக்கு நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறது. நாம் 'ங' என்று எழுதும் ஒலியை அவர்கள் சொல்லின் தொடக்கத்தில்கூட சர்வசாதாரணமாக வைப்பார்கள், அதுவும் நமக்குச் சிரமமில்லை. சிக்கல் ஒன்றுதான். தொண்டையைச் சட்டென்று அடைத்துத் திறக்கும் ஒரு ஒலி உண்டு. அதற்கு அவர்கள் தலைகீழ்க் காற்புள்ளி போடுகிறார்கள், கொமா லிலியு என்று பெயர். இங்கே அந்த இடங்களில் ’ குறி போட்டிருக்கிறேன். அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது.

வரைபடம்

பலகைக்கு 1200 × 2400 மி.மீ. அளவில் 12 மி.மீ. தடிமனுள்ள, பதப்படுத்திய ப்ளைவுட். விலை 140 தாலா. ஒரு தாலாவுக்கு ஏறத்தாழ முப்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பலகையே இருபது கிலோவுக்குப் பக்கத்தில் வரும்.

அதன்மேல் பென்சிலில் ஒரு தென்னையைக் கீழிருந்து மேலாக வரைந்தேன். வேர், தண்டு, மட்டை, பாளை, குலை, காய். பாடப்புத்தகத்தில் இருப்பது போலத்தான். அதைப் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒரு துலாஃபலெ, அதாவது ஊர்ச் சபையில் எழுந்து பேசும் உரிமையுள்ள தலைவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பென்சிலை வாங்கிக்கொண்டு அம்புக்குறி போட ஆரம்பித்தார். ஓலையிலிருந்து ஓர் அம்பு, முனையில் முடைந்த தட்டி. கதம்பையிலிருந்து ஓர் அம்பு, முனையில் கயிறு. சிரட்டையிலிருந்து ஓர் அம்பு, முனையில் கிண்ணம். (தேங்காய் மேல்மட்டையை எங்கள் பக்கம் கதம்பை என்போம். மற்ற ஊர்க்காரர்கள் உரிமட்டை என்று படித்துக்கொள்ளவும்.) வேருக்குப் பக்கத்தில் அவர் எதுவும் போடவில்லை. பெயர் இல்லாமல் இல்லை. அதைப் பலகையில் வைத்து என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் அவர் கேள்வி.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மரத்தின் உருவப்படி அடுக்கினால் ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது. வேலையின்படி அடுக்கினால் ஒன்று அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். வரைந்ததை அழித்துவிட்டு மூன்று நிரல் போட்டேன். இடது பக்கம் ஓலை வேலை, நடுவில் கதம்பை வேலை, வலது பக்கம் சிரட்டை வேலை. எதிலும் சேராத பாளையும் பன்னாடையும் மேல் வரிசைக்குப் போயின.

ஓலை நிரல்

மட்டையும் இலையுமாக முழு ஓலைக்கு லௌநியு என்று பெயர். லௌ என்றால் இலை, நியு என்றால் தென்னை. நெட்டை மரத்து ஓலை ஐந்து மீட்டர் வரும், பலகையோ இரண்டரை மீட்டர்கூட இல்லை. நடுப்பகுதியில் 60 செ.மீ. நீளம் மட்டும் அறுத்து எடுத்து, இருபக்க இலைகளையும் 25 செ.மீ.க்கு நறுக்கினேன்.

சேதமில்லாத ஓலை கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால் பாதி மரங்களில் ஓலை கத்தரித்த மாதிரி V வடிவில் வெட்டுப்பட்டிருக்கிறது. நம் ஊரில் பார்த்துப் பழகிய அதே காண்டாமிருக வண்டு. இங்கே அது பூர்வகுடி இல்லை. 1909இல் இலங்கையிலிருந்து வந்த ரப்பர் நாற்றுகளோடு சமோவாவுக்குள் நுழைந்தது. இங்கிருந்துதான் பசிபிக்கின் மற்ற பல தீவுகளுக்கும் பரவியது. 1960களில் மலேயாவில் கண்டுபிடித்த ஒரு வைரஸை 1967இல் இங்கே கொண்டுவந்து விட்ட பிறகு ஓரளவு அடங்கியது, ஒழியவில்லை. பெரியவரிடம் இலங்கைக் கதையைச் சொன்னேன். அந்தக் கடனுக்குத்தான் இந்தப் பலகை என்று வைத்துக்கொள் என்றார். நான் இலங்கைக்காரன் இல்லை என்று சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பச்சை ஓலையை அப்படியே ஆணி அடித்து வைத்தால் காயும்போது இலைகள் மடிந்து குழாயாகச் சுருளும். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே இன்னொரு ப்ளைவுட் துண்டும் நான்கு கான்கிரீட் கற்களும் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி நிழலில் உலர்த்தியதும் தட்டையாக நின்றது. தாளை மாற்றாமல் விட்ட ஓர் ஓரம் கறுத்துவிட்டது. அந்தப் பக்கத்தை நறுக்கிவிட்டேன்.

இலையைக் கழித்தால் மிஞ்சும் நடுமட்டை லப்பலப்ப. பழைய காலத்துப் போர்த்தடி ஒன்றுக்கும் இதே பெயர்தான். மட்டை மாதிரியே நீளமாக, விளிம்பு எடுத்துச் செதுக்கிய கட்டை. மட்டையின் அடிப்பகுதியில் ஒரு முழம் எடுத்தேன். வெளியே காய்ந்தது, உள்ளே ஈரம் போக வெகுநாள் ஆனது. போன பிறகு அடியில் மாவு கொட்டத் தொடங்கியது. துளைப்பான் பூச்சி. மருந்து அடிக்க மனமில்லை, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கிற பொருள். ஒரு நண்பர் வீட்டு மீன் வைக்கும் பெட்டி ஃப்ரீசரில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்து, இரண்டு வாரம் கழித்து எடுத்தேன். உறையோடு ஒரு பகல் வெளியே இருக்கட்டும். உடனே பிரித்தால் வியர்த்து மறுபடி ஈரமாகும். அதன்பின் மாவு கொட்டவில்லை. இப்போது பலகையில் உள்ள நார், ஓலை, மட்டை அத்தனையும் இந்த ஃப்ரீசருக்குள் போய் வந்தவைதான்.

இலையின் நடுவில் ஓடும் ஈர்க்கு துவநியு. துவ என்றால் முதுகு. இதைச் சீவி எடுப்பதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை, கை தானாகவே செய்தது. கட்டினால் துடைப்பம், அதற்கு சலு என்று பெயர். விடிந்ததும் கிராமத்தில் முதலில் கேட்கும் சத்தம் முற்றம் பெருக்கும் சலுவுடையதுதான். முற்றிய இலையின் ஈர்க்கை எடுங்கள். குருத்தோலை ஈர்க்கு காய்ந்ததும் வளைந்து நெளியும், பலகையில் பார்க்க நன்றாக இருக்காது.

நிரலின் கடைசியில் பொல. வீட்டின் தூண்களுக்கு நடுவே தொங்கவிட்டு, மழை அடித்தால் இறக்கிக்கொள்கிற முடைந்த ஓலைத் தட்டி. பழைய முறை சமோவன் வீட்டுக்குச் சுவர் கிடையாது, அந்த வேலையைப் பொலதான் பார்க்கும். ஓலையை நடுமட்டையில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் இலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவது. நம் கீற்று முடைவதிலிருந்து அதிக தூரமில்லை. பெரியவரின் மருமகள் கோகோ சமோவா என்ற பானம் காய்ச்சும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அடிக்கடி எழுந்து போய் வந்தும், 50 செ.மீ. மாதிரி ஒன்றைப் பின்னி முடித்துவிட்டார்.

பாளையும் பன்னாடையும்

பாளைக்கு தவுமெ என்று பெயர். விரியாத பாளையை வெட்டி வைத்தால் காயக் காய வரிப்பள்ளத்தோடு பிளந்து, உள்ளே இருக்கும் பூங்கொத்து பூசணம் பிடிக்கும். பச்சைப் பாளையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். மரத்தடியில் தானாக விழுந்து கிடக்கும் காய்ந்த பாளை கட்டையாக, படகு வடிவில், பாடம் செய்து வைத்தது போல் இருக்கும். அடுப்பெரிக்கவும் தீப்பந்தத்துக்கும் அதைத்தான் எடுப்பார்கள். 80 செ.மீ. நீளமுள்ள ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளே பொறுக்கி வந்தார்கள். அதற்கு முன் அது மழை ஓடையில் கொஞ்ச நாள் படகாக இருந்திருக்கிறது, அடியில் சிராய்ப்பு தெரிகிறது.

எனக்குப் பிடித்த பொருள் பன்னாடை. அங்கே லௌ’அ’அ. தமிழில் யாரையாவது திட்டத்தான் இந்தச் சொல் இப்போது அதிகம் வெளியே வருகிறது, பாவம். மட்டையின் அடியைச் சுற்றி, நெய்த துணி மாதிரியே குறுக்கு நூலும் நெடுக்கு நூலுமாக வளரும் இந்த நார் வலையைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். யாரும் நெய்யவில்லை என்று நம்ப முடியாது. பெரிய மரத்தில் ஏற வேண்டாம். தரையில் நின்றபடியே கை எட்டும் இளமரத்தில் சேதமில்லாத துண்டு கிடைக்கும். 30 × 40 செ.மீ. கிடைத்தது. சோப்புத் தண்ணீரில் அலசினால் ஒரு கூட்டம் எறும்பும், கூடவே நிறைய மண்ணும் வெளியே வரும். நனைந்திருக்கும்போதே நான்கு மூலையையும் இழுத்து ஊசி குத்திக் காயவிட்டால் அந்த அளவிலேயே நிற்கும். காய்ந்த பிறகு இழுத்தால் கிழிந்துவிடும்.

காய்

இங்கேதான் பலகை என்ற வடிவத்தின் எல்லை தெரிந்தது. நியு என்பது மரத்துக்கும் பெயர், குடிக்கிற பருவத்து இளங்காய்க்கும் பெயர். முற்றிவிட்டால் அது நியு இல்லை, பொப்பொ. துருவி, பால் பிழிந்து, பெ’எபெ’எ என்ற கெட்டிப்பால் எடுப்பது பொப்பொவிலிருந்து. இளநீர்க்காயைப் பலகையில் வைத்தால் சுருங்கி, கறுத்து, ஒழுகும். வைத்துப் பார்த்தேன், ஒழுகியது. அந்த இடத்தில் இப்போது ஒரு புகைப்படம் இருக்கிறது.

முளைவிட்ட காய்க்குள் உருண்டையாகத் திரளும் பஞ்சுப் பகுதி உத்தொ. நம் ஊரில் தேங்காய்ப்பூ என்று வண்டியில் விற்கிறார்களே, அதேதான். குறுக்காக ஹாக்ஸா பிளேடால் அறுத்து, கதம்பை, சிரட்டை, பருப்பு, உத்தொ நான்கும் ஒரே வெட்டில் தெரியும்படி காட்டத் திட்டமிட்டேன். அறுத்தது அழகாக வந்தது. படம் எடுக்கிற நேரத்துக்குள் உத்தொ முழுவதும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய்விட்டது. அடுத்த காயைப் பூட்டி வைத்து அறுத்தேன். அதில் பருப்பு சிக்குப் பிடித்து நாறியது, எறும்பும் வந்தது. கடைசியில் பருப்பையும் சுரண்டிவிட்டு, கதம்பையும் சிரட்டையும் மட்டும் உள்ள அரைக்காயாக வைத்து, வெட்டுமுகத்தில் மட்டும் மங்கல் வார்னிஷ் அடித்தேன். உத்தொவுக்கும் புகைப்படம்தான்.

சிரட்டை அதிஙி. அரைச் சிரட்டையைத் தேய்த்து மெருகேற்றினால் இப்பு, கிண்ணம். சடங்குகளில் ’அவ என்ற வேர்ப்பானத்தை இதில்தான் ஏந்திக் கொடுப்பார்கள். மணல்தாள் 80, 120, 240, 400 என்று வரிசையாக, கடைசியில் தேங்காய் எண்ணெய். உட்பக்கம் தேய்ப்பதற்கு டிரில்லில் மாட்டும் பஞ்சு உருளை ஒன்று 12 தாலாவுக்கு வாங்கினேன், காசுக்கு உழைத்தது.

முழுச் சிரட்டை ஒன்றை மூன்று கண்ணும் சுவர்ப்பக்கம் போகும்படி வைத்திருந்தேன். துளை போட வசதியான பக்கம் அதுதான். பெரியவர் திருப்பச் சொன்னார். சினா என்ற பெண்ணிடம் காதல் கொண்ட விலாங்கு மீனின் தலையைப் புதைத்த இடத்தில்தான் முதல் தென்னை முளைத்தது என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. இரண்டு கண், ஒரு வாய். குடிப்பவர் வாய் வைக்கும் இடம் அந்த வாய். அந்த விலாங்கு இருந்ததாகச் சொல்லும் சுனை சவாயீ தீவில் சஃபுனெ ஊரில் இன்றும் இருக்கிறது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது மரியாதை இல்லை. திருப்பினேன், துளையைப் பின்பக்கம் மறுபடி போட்டேன்.

பசை

முதலில் எல்லாவற்றையும் இரு கலவைப் பசையால்தான் ஒட்டினேன். இரண்டு குழாய் 38 தாலா. சிரட்டையும் மட்டையும் நின்றன. மற்றதெல்லாம் சில வாரத்தில் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தது. பசையில் பழுதில்லை. பலகையில் பசை அப்படியே ஒட்டியிருந்தது, அதன்மேல் ஒரு படலம் நாரும் ஒட்டியிருந்தது. கதம்பை தன் தோலையே உரித்துக் கொடுத்துவிட்டு மீதியோடு விழுந்திருந்தது. காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போது நார் உப்பும், சுருங்கும். விறைத்த பசை அதற்கு இடம் கொடுக்காது. ஓலையும் அப்படியே.

இதில் ஒரு வேடிக்கை. சமோவன் மொழியில் கதம்பைக்குப் பெயர் புலு. பசை, பிசினுக்கும் பெயர் புலு. "புலுவுக்குப் புலு பிடிக்கவில்லை" என்று நான் உடைந்த சமோவனில் சொன்னது கிராமத்தில் கொஞ்ச நாள் ஓடியது.

கட்டு என்றார் பெரியவர். அவ்வளவுதான். இங்கே வீடு கட்டுவதற்கு உள்ள சொல்லே ஃபவு, அதற்குப் பிணைத்துக் கட்டுதல் என்று பொருள். பழைய முறை வீட்டில் ஆணி கிடையாது. தூணும் உத்தரமும் வளைவும் எல்லாமே தென்னை நார்க் கயிற்றால் பிணைத்தவை. சாதாரண வீடு ஒன்றுக்கே முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் அடிக் கயிறு போகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். என் பலகைக்குத் தேவை ஏறக்குறைய 20 மீட்டர்.

கயிறு

அந்தக் கயிறு ’அஃப. டோங்காவில் கஃப, ஹவாயில் ’அஹ. ஒரே சொல்தான், தீவுக்குத் தீவு ஒலி மாறியிருக்கிறது.

கொப்பரை உலர்த்தும் இடத்தில் குவிந்து கிடந்த காய்ந்த பொப்பொக் கதம்பையை முதலில் எடுத்து வந்து ஊறப்போட்டேன். சும்மா கிடைத்தது, மூட்டை மூட்டையாக. ஊறியதும் தட்டினால் நார் பிரிந்தது. ஆனால் விரல் நீளத்துக்கு மேல் ஒன்றும் முழுசாக வரவில்லை. திரித்தால் முறுக்கு ஏறும்போதே ஒடிந்தது. காய்ந்து பழுப்பேறிய கதம்பை கயிற்றுக்கு ஆகாது. முற்றியும் பச்சை மாறாமல் இருக்கிற காயின் கதம்பை வேண்டும். அதிலும் இதற்கென்றே ஒரு தென்னை வகை உண்டு, பெயரே நியு ’அஃப, கயிற்றுத் தென்னை. காய் நீண்டு, மூன்று பட்டையாக, ஒரு அடிக்குக் குறையாமல் இருக்கும். உள்ளே பருப்புக்கு இடம் குறைவு, கதம்பைதான் அதிகம். 1978இல் ஹியூ ஹாரிஸ் என்ற ஆய்வாளர் உலகத் தென்னைகளை இரண்டு பெரும் வகையாகப் பிரித்தபோது, ஒன்றுக்கு நியு கஃப என்றும் மற்றதற்கு நியு வய் என்றும் பாலினேசியப் பெயர்களையே வைத்தார். வய் என்றால் தண்ணீர். உருண்டையாக, தண்ணீர் நிறைய உள்ள வகை அது. நம் ஊர் நெட்டைத் தென்னைகள் அவருடைய பிரிவின்படி நியு கஃப பக்கம் சேரும்.

நியு ’அஃப மரம் கிராமத்தில் அதிகம் இல்லை. பெரியவரின் உறவினர் தோட்டத்தில் இருந்து காய்கள் வந்தன. பணம் வாங்கவில்லை. ஒரு பெட்டி மீன் டின் கொடுத்தனுப்பினேன், 96 தாலா. இந்த மாதிரிக் கணக்கையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உரித்த கதம்பையைக் காயவிடாமல் அன்றே கொண்டுபோய், கடலோரக் காயலில் அலை அதிகம் வராத ஆழமில்லாத இடத்தில் குழி செய்து, மேலே கல் ஏற்றிப் புதைத்தோம். கரை ஊருக்குச் சொந்தம், முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் காயலில் கதம்பை அழுகும் வாசனையை மூக்கு அறியும், இங்கேயும் அதே வாசனை. ஏறத்தாழ ஆறு வாரம் வைத்தோம். பெரியவர் நடுவில் ஒன்றை எடுத்து, தோலை நகத்தால் கீறிப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. வராவிட்டால் திரும்பக் கல்லுக்கு அடியில்.

எடுத்ததும் வெளித்தோலைச் சீவிவிட்டு, கட்டை மேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டுவது. நான் இரும்புச் சுத்தியலால் தட்டியதில் நார் நசுங்கியது. பிறகு 9 செ.மீ. விட்டத்தில் ஒரு கட்டையைக் கடைந்து கைப்பிடி போட்டுக்கொண்டேன். தட்டி, கடல் நீரில் அலசி, மறுபடி தட்டி, சோறு போகப் போக நார் வெளுத்து வரும். (சோறு என்பது நாருக்கு நடுவில் உள்ள தூள்.) நேரத்தைக் கவனிக்க வேண்டும். மாலையில் சங்கோ மணியோ ஒலித்தால் சா, அதாவது குடும்பப் பிரார்த்தனை நேரம். ஊரே அடங்கிவிடும், சாலையில் நடப்பது கூடத் தப்பு. அந்நேரம் கட்டையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. ஐந்தரைக்குள் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவேன்.

காய்ந்த நார் 22 முதல் 25 செ.மீ. நீளம் வந்தது. பத்துப் பன்னிரண்டு இழையைச் சேர்த்து, வெறும் தொடையில் வைத்து உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினால் ஒரு புரி. மூன்று புரியைச் சடை பின்னுவது போலப் பின்ன வேண்டும். ஒரு புரி முடிவதற்கு 5 செ.மீ. முன்னாலேயே புதிய புரியை உள்ளே கொடுத்துவிட வேண்டும், மூன்று புரியும் ஒரே இடத்தில் முடியக்கூடாது. ரோமமுள்ள தொடைக்கு இது தண்டனை. பெரியவர் ஊர்க்கூட்டத்தில் பேச்சைக் கேட்டுக்கொண்டே, கையைப் பார்க்காமலே பின்னுவார். அவர் கயிறு ஒரே சீராக 3 மி.மீ. அகலம். என்னுடையது 3இல் தொடங்கி 5க்குப் போய் மறுபடி 3க்கு வரும். இழையை எண்ணி எடுத்து, புரிகளை முன்னாலேயே திரித்து அடுக்கி வைத்துக்கொண்டு பின்னியதும் கொஞ்சம் சமன்பட்டது. என் கயிறு 8 மீட்டர் தேறியது. மீதியை அவர் கொடுத்தார். பலகையில் எது யாருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

கட்டுவதற்கு ஒவ்வொரு பொருளின் பின்னாலும் பலகையில் 4 மி.மீ. டிரில்லால் இரண்டிரண்டு துளை. சிரட்டைக்கும் பாளைக்கும் 3 மி.மீ. துளை போட்டு மெல்லிய புரியை விட்டேன். கயிற்றை நனைத்துக் கட்டினால் காய்ந்து இறுகும். முடிச்சு பலகைக்குப் பின்னால். பொருள் உப்பினாலும் சுருங்கினாலும் கயிறு கூடவே கொடுத்து வாங்குகிறது. மழைக்காலத்தைத் தாண்டியது இதனால்தான்.

கதம்பை நிரலில் இப்போது வரிசையாக இருப்பவை: புலு, ஊறிய புலு, தட்டிய நார், திரித்த புரி, பின்னிய ’அஃப. இதற்கு அடுத்தபடியாக ஃபுவெ வைக்க ஆசைப்பட்டேன். துலாஃபலெக்கள் பேசும்போது தோளில் போட்டுக்கொள்ளும், நார்க்கயிற்றால் செய்த சாமரம் அது. பெரியவர் தன்னுடையதைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டினார், பேசினார், வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். பள்ளிச் சுவரில் தொங்கவிடுகிற பொருள் இல்லை அது. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

பெயர்ச்சீட்டு

அலுமினியத் தகட்டில் எழுத்து வெட்டித் தர ஆப்பியாவில் ஒரு கடையில் கொடுத்தேன், சீட்டு ஒன்றுக்கு 6 தாலா. வந்ததில் கொமா லிலியு ஒன்றுகூட இல்லை. கணினி தின்றுவிட்டது என்றார்கள். திருத்தித் தரச் சொன்னேன். இரண்டாம் முறை யாரோ அக்கறையாக நெடில் கோட்டையும் சேர்த்துவிட்டார்கள். கயிற்றுக்குக் கீழே மாட்ட வேண்டிய தகட்டில் ’அஃப என்பதற்குப் பதில் அஃபா என்று இருந்தது. அஃபா என்றால் புயல். லௌ’அ’அ தகட்டிலும் குறி போய், வெறும் உயிரெழுத்து வரிசையாக நின்றது.

பெரியவர் புயல் தகட்டைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். 2012 டிசம்பரில் ஈவன் புயல் உபோலுவைப் புரட்டியபோது தகரக் கூரைகள் பறந்ததையும், கயிறு கட்டிய தன் பழைய வீடு ஆடி ஆடி நின்றதையும் அன்றைக்கு ஒரு மணி நேரம் சொன்னார். தகடு இப்போது அவர் வீட்டுத் தூணில் இருக்கிறது.

கடையை விட்டுவிட்டு, சுடுகோல் ஒன்று வாங்கினேன், 55 தாலா. 10 × 3 செ.மீ. மரச்சில்லுகளில் கையாலேயே சுட்டு எழுதினேன். குறி, கோடு எல்லாம் என் கட்டுப்பாட்டில். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் ஆசிரியை வாயால் கேட்டு, பெரியவர் வாயால் கேட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகே சுட்டேன். இதிலும் ஒரு விஷயம் கவனித்தேன். பிள்ளைகள் துவநியு என்று படிப்பதில்லை, குவஙியு என்கிறார்கள். லௌநியு அவர்கள் வாயில் லௌஙியு. பேச்சில் 'த' எல்லாம் 'க' ஆகும், 'ந' எல்லாம் 'ங' ஆகும். தேவாலயத்திலும் பள்ளியிலும் எழுத்திலும் மட்டும் 'த', 'ந'. எழுதுவது ஒன்று பேசுவது ஒன்று என்று வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. பலகையில் எழுத்து வழக்கைத்தான் வைத்தோம். ஒரு பையன் சீட்டைத் தொட்டு, எழுத்தைப் பார்த்துக்கொண்டே, தயங்காமல் குவஙியு என்று படித்துவிட்டுப் போனான்.

செலவும் அடுத்த முறையும்

மொத்தம் 480 தாலாவைத் தொட்டது. இதில் வீணானவை பசையும் அலுமினியத் தகடுகளும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 130 தாலா. திருகாணி, மணல்தாள், வார்னிஷ் எல்லாம் சில்லறை.

மறுபடி செய்தால் 1200 × 1200 அளவில் இரண்டு பலகையாகச் செய்வேன். ஒற்றைப் பலகையை பிக்கப் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனதில் பொலவின் ஒரு ஓரம் காற்றில் பிய்ந்தது. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் 25 மி.மீ. சட்டம் கொடுத்து இடைவெளி விட்டிருக்கிறேன், அதுவும் போதவில்லை. பூஞ்சை பிடித்த மூலை ஜன்னலுக்குத் தூரமான மூலை. 40 மி.மீ. வேண்டும். ஓலைத் துண்டு எப்படியும் இரண்டு வருடத்தில் நொறுங்கும். அதை மட்டும் கழற்றி மாட்டும்படி பின்பக்கம் சுருக்கு முடிச்சாகப் போட்டிருக்கிறேன், வருடாவருடம் புதிய ஓலை மாற்றுவது மூன்றாம் வகுப்பின் பொறுப்பு.

முக்கியமாக, வேலையைக் கயிற்றிலிருந்து தொடங்குங்கள். கதம்பை ஊறும் ஆறு வாரத்துக்குள் மற்ற எல்லாவற்றையும் காயவைத்து, அறுத்து, தேய்த்து, ஃப்ரீசரில் போட்டு எடுத்துவிடலாம். நான் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கயிற்றுக்காகக் காத்திருந்தேன். மேலே ஏற்றும் கல் தலையளவாவது இருக்கட்டும். சின்னக் கல்லாக இருந்த ஒரு குழியிலிருந்து அலை நாலைந்து கதம்பையை எடுத்துப் போய், அடுத்த கிராமத்துக் கரையில் ஒதுக்கியது. அவர்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதற்கும் கொஞ்சம் மீன் டின்.